எலியின் முப்பத்தைந்து நாள்

புரோட்டாக் கல்லின் விளிம்பு என் தம்பியின் இடுப்புக்கு நாலு விரல் கீழே இருந்தது. அன்று அந்தக் கடையில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நல்ல சாரல். செங்கோட்டையிலிருந்து புளியறை போகும் சாலையில் அந்தச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் வந்த கூட்டம் ஒருபக்கம், கேரளா போகிற லாரிக்காரர்கள் மறுபக்கம். வெளியே தூறலும் குளிருமாக இருந்தது. உள்ளே விறகுப் புகையும் சால்னா வாசனையும். என் சித்தி மகன் இசக்கிமுத்து கல்லுக்கு முன்னால் நின்று ஒரே நேரத்தில் இருபது புரோட்டாவைத் திருப்பிக்கொண்டிருந்தான். பதினான்கு வருடமாக அந்தக் கடைக்கு அவன்தான் மாஸ்டர்.

"எக்கா, சால்னா போதுமா? இன்னும் ரெண்டு போடச் சொல்லுதேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

நான் கையைக் கழுவிவிட்டுக் கல்லருகே போனேன். அவன் நிற்கும் இடத்தில், அவன் இடுப்பு உயரத்தில், உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

கடையை நடத்தும் காதர் அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். "என்னம்மா, கல்லுல ஏதும் குறையா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சூடு எப்படி இருக்குன்னு பாக்கேன்."

"புரோட்டாக் கல்லு சுடாம என்ன செய்யும்?" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். இசக்கியும் சிரித்தான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். எண்ணெய் தெறிக்கும் என்று உள்ளே கெட்டித் துணியில் இறுக்கமான டவுசர். காலையில் பதினொரு மணிக்கு அங்கே வந்து நின்றால் கடை மூடும்வரை நகர மாட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பத்திரண்டு டிகிரி

இந்தத் தொடருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தென்காசிக்காரி. இருபத்தாறு வருடமாக வெளியூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எலிகளோடுதான் வேலை, வெள்ளைச் சுண்டெலிகள். என் வேலையைப் பற்றி இதுவரை சுற்றி வளைத்தே எழுதி வந்தேன். இந்த வாரம் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஆண் எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, அதன் பின்பாதி உடம்பை மட்டும் நாற்பத்திரண்டு டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைப்போம். பிறகு துடைத்து, விளக்குக்குக் கீழே படுக்க வைத்து, விழித்ததும் கூண்டில் விடுவோம். அது எழுந்து, முகத்தைத் துடைத்து, தீனி தின்னப் போய்விடும். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

ஆணின் விரைகளை உடம்பு வெளியே தொங்கவிட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. உடம்புச் சூட்டைவிட ஓரிரு டிகிரி குளிர்ச்சி இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். சூடு ஏறினால் பாதியில் வளர்ந்துகொண்டிருப்பவை கருகிப்போகும். ஆனால் மறுநாளே தெரியாது. ஏற்கெனவே முழுதாக வளர்ந்து சேர்ந்திருப்பவை முதலில் வெளியே வரும். சூடுபட்ட தலைமுறை வரிசையில் வந்து சேரும்போதுதான் எண்ணிக்கை சரியும். அதன்பின் புதிய தலைமுறை தலையெடுக்க வேண்டும்.

அந்த எலியின் விந்தணுவை எடுத்து, பெண் எலியின் கருமுட்டைகளோடு ஒரு சின்னத் தட்டில், எண்ணெய் மூடிய சொட்டு நீரில் சேர்த்து வைப்போம். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால், கூடியவை இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். கூடாதவை அப்படியே உருண்டையாகக் கிடக்கும். சூடுபட்ட எலியின் தட்டில் உருண்டைகள்தான் அதிகம். கூடியவற்றிலும் பல நாலு, எட்டு என்று வளராமல் நின்றுவிடும்.

அந்தத் தட்டுகளை எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். உருண்டைகளை எண்ணும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த தட்டை எடுத்துவிடுவேன். வேலை அப்படி.

ஊரார் வைத்த பட்டம்

வீட்டில் என்னை டாக்டர் என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். முனைவர் பட்டம் வாங்கிய வருடம் அப்பா தெரு முழுக்க அல்வா கொடுத்தார். அதிலிருந்து நான் ஊருக்கு வந்தால் இருமல், மூட்டுவலி, சர்க்கரை என்று யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் எலி டாக்டர் என்று சொன்னால், "அதுக்கென்ன, எலியும் உசுருதான? பாத்துச் சொல்லு" என்பார்கள்.

ஒருமுறை பக்கத்து வீட்டு ஆச்சி, அவர் வீட்டு எலித்தொல்லைக்கு மருந்து கேட்டார். என் தொழிலைச் சரியாகப் புரிந்துகொண்டு கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்த 'டாக்டர்' என்ற சொல் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. யாராவது கேட்டால் இரண்டு மாத்திரை பெயர் சொல்லும் ஆசை என் நாக்கு நுனியில் எப்போதும் இருந்தது. இந்த அத்தியாயத்தில் நடந்த கேட்டுக்கெல்லாம் அதுதான் வேர்.

மூன்று சுற்று

இசக்கியின் மனைவி உமா, என்னை மைனி என்று கூப்பிடுவாள். கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை.

சித்தி கெட்டவள் இல்லை. மருமகளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் குறை உமாவிடம்தான் என்று அவளுக்கு ஒரு முடிவு. அதைத் தீர்ப்பது தன் பொறுப்பு என்று அடுத்த முடிவு. முழங்கால் வலியோடு பண்பொழித் திருமலை முருகன் கோயிலுக்கு மாதம் தவறாமல் மருமகளைப் படியேற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக்கும் கூடவே போனாள். ஊசி போடும் அறைக்கு வெளியே உட்கார்ந்து சஷ்டி சொல்லிக்கொண்டிருப்பாள்.

கடையிலிருந்து திரும்பிய மறுநாள் மத்தியானம், சித்தி தூங்கப் போனபின், உமா சேலையை லேசாக விலக்கி அடிவயிற்றைக் காட்டினாள். நீலமும் மஞ்சளுமாக ஊசிக் கன்றல்கள் இருந்தன.

"மூணு சுத்து முடிஞ்சிட்டு மைனி. அடுத்த மாசம் நாலாவது சுத்து."

"என்ன ஊசி?"

ஃப்ரிட்ஜிலிருந்து பெட்டியை எடுத்து வந்தாள். பெயரைப் படித்தேன். பெண் எலிகளுக்கு முட்டைகள் கூடுதலாக முதிர்வதற்காகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போடும் மருந்தின் இனம் அது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. போட்டுக்கொண்டவள் ஒருத்தி என் எதிரே உட்கார்ந்து பேசுவது அதுதான் முதல் தடவை.

"எலிக்கு வலிக்குமா மைனி?" என்று கேட்டாள்.

"கத்தும்."

"எனக்குக் கத்தக்கூட முடியாது. அத்தை வெளிய உக்காந்திருக்காவல்லா. பாவம், பயந்துருவாவ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

"இசக்கிக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

"டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேக்காவ. இவுக கடைக்கு லீவு இல்லேன்னு சொல்லிருதாவ. அவனுக்கு என்ன குறைன்னு அத்தையும் சொல்லிருதாவ. நான் என்னத்தச் சொல்ல?"

பைக்கின் பின்சீட்

தம்பியிடம் இதை எப்படிப் பேசுவது? அவனுக்கு முப்பத்தாறு வயது. எனக்கு ஐம்பத்திரண்டு. நான் தூக்கி வளர்த்தவன். எலியின் விந்தணுவைப் பற்றி நானூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில் பேசியிருக்கிறேன். அதே சொல்லைத் தமிழில் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

பழைய குற்றாலத்தில் என் சிநேகிதி வீட்டுக்கு அவன் என்னைப் பைக்கில் கொண்டுபோய் விட்டான். முகம் பார்க்காமல் பேசுவதற்குப் பின்சீட்டை விட வசதி வேறில்லை. ஆயிரப்பேரி தாண்டியதும் ஆரம்பித்தேன். கல், வெக்கை, டவுசர், வெந்நீர், எலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். சாரல் இருவர் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது.

"எக்கா, என்னைய எலிங்கியா?"

"எலின்னு சொல்லல. அந்த விசயத்துல எலிக்கும் ஒனக்கும் ஒரே மாதிரிங்கேன்."

"பதினாலு வருசமா அடுப்பு முன்னால நிக்கேன். எத்தன மாஸ்டருக்குப் புள்ள இருக்கு. காதர் அண்ணாச்சியும் ஒரு காலத்துல கல்லுல நின்னவருதான். நாலு புள்ள."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆவாதுல. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். ஒன் பொண்டாட்டி வயித்தப் பாத்திருக்கியா நீ?"

அவன் வண்டியைக் கிளப்பினான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், தென்காசியில் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று, திருநெல்வேலி வரை போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தான். முடிவு போனில் வந்தது. எண்ணிக்கை குறைவு. இருப்பவற்றிலும் ஓட்டம் குறைவு. அடியோடு இல்லாமல் இல்லை.

"இதக் கொண்டுபோயி டாக்டர்ட்ட காட்டு" என்றேன்.

"நீயே டாக்டர்தானக்கா? இன்னொருத்தர்ட்ட எதுக்கு இதக் கொண்டு காட்டிக்கிட்டு? நீ சொல்லு, செய்யுதேன்."

நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் அப்படிக் கேட்டது எனக்கு இனித்தது.

"கல்லுல நிக்காத. டவுசர் வேண்டாம். புது அணு வந்து சேர ஒரு சுத்து ஆகும். அதுவர பொறு."

"எத்தன நாளு?"

"முப்பத்தஞ்சு நாள்" என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன்.

மாவு மேசையில் மாஸ்டர்

புரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர் ஒருவர், கல்லில் நிற்கிறவர் ஒருவர். கல்லில் நிற்கிறவர்தான் மாஸ்டர். வேலை பழகி, மாவிலிருந்து கல்லுக்கு ஏறுவார்கள். கல்லிலிருந்து மாவுக்கு யாரும் இறங்குவதில்லை. அதுவும் சாரல் காலத்தில், கடை வாசலில் ஆட்கள் நின்று சாப்பிடும் நேரத்தில், மாஸ்டர் பின்கட்டுக்குப் போய் மாவு பிசைந்தால் சாலை முழுக்கப் பேச்சாகிவிடும்.

இசக்கி இறங்கினான். காதர் அண்ணாச்சியிடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னான். கடையில் பலரும் பலவிதமாக யூகித்து, கடைசியில் மூலம் என்று முடிவு செய்தார்கள். மூலத்துக்கு நல்லது என்று அண்ணாச்சியே கருணைக்கிழங்கு வாங்கிவந்து கொடுத்தார். அவன் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கு மூலம் எவ்வளவோ மேல் என்று எனக்குப் போனில் சொன்னான்.

உமா நாலாவது சுற்று ஊசியைத் தள்ளிப் போட்டாள். தினமும் காலண்டர் தாள் கிழிக்கும்போது எண்ணிச் சொல்வாளாம். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எனக்கும் செய்தி வரும். நான் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். கூண்டுகளுக்கு நடுவே நின்று அந்தச் செய்திகளைப் படிப்பேன். எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடப் படிப்பு என் வீட்டுக்கு ஒருவழியாக உதவப்போகிறது என்று நினைத்தேன்.

முப்பத்தாறாம் நாள் திருநெல்வேலி போனான். முடிவு வந்தது. எண்ணிக்கை முன்னைவிடவும் குறைந்திருந்தது.

எலிகளிலும் சில தேறுவதில்லை. அதுதான் என் நினைவுக்கு வந்தது. "மனசத் தளரவிடாத" என்று ஒரு வரி அனுப்பினேன். வேறென்ன எழுத? அன்று சாயங்காலமே அவன் கல்லுக்குத் திரும்பிவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

பலகையில் கண்ட எண்

ஆவணியில் ஒரு காலை. உமா போன் செய்தாள். குரல் அடங்கியிருந்தது.

"மைனி, ஒரு வாரமா நான் பண்பொழில எங்க அப்பா வீட்லதான் இருக்கேன். அவுக கொண்டுவந்து விட்டுட்டாவ."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. 'கல்ல விட்டும் பாத்தாச்சு, அக்கா சொன்னதெல்லாம் செஞ்சாச்சு, இனி எனக்கு ஒண்ணும் ஆவாது. ஒனக்கு இருபத்தொம்பது வயசு. எனக்காக நீ ஏன் ஊசி குத்திக்கிட்டுக் கெடக்கணும்? வேற ஒருத்தனக் கட்டிக்கோ'ன்னு சொல்லுதாவ. எங்க அப்பாட்டயும் அதையே சொல்லிட்டாவ. சொல்லிட்டு அழுதுட்டாவ மைனி."

நான் ஏதோ ஆறுதல் சொல்லி வைத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அன்று மத்தியானம் என் மாணவி ஒருத்தி புதிய சோதனைக்கு நாள் திட்டம் போட்டு வெள்ளைப் பலகையில் எழுதினாள். வெந்நீர் வைக்கும் நாள் சுழியம். அப்புறம் ஏழு, பதினான்கு, இருபத்தொன்று. கடைசியில் பெரிதாக முப்பத்தைந்து என்று எழுதி, பக்கத்தில் ஓர் எலி படம் போட்டாள். வாலைச் சுருட்டி அழகாகப் போட்டிருந்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முப்பத்தைந்து நாள் எலிக்கு. எலியின் உடம்பில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ அவ்வளவு நாள். மனிதனுக்கு எழுபது நாளுக்கு மேல். உருவானது வெளியே வந்து சேரும் நாளையும் சேர்த்தால் மூன்று மாதம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? முதல் வருட மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் இருபத்தாறு வருடமாக என் நாக்கு புழங்கிய எண் முப்பத்தைந்து. 'எத்தன நாளு' என்று யார் எழுப்பிக் கேட்டாலும் அதுதான் வாயில் வரும். என் தம்பி கேட்டான். எலிக்குச் சொல்லும் நாளை அவனுக்குச் சொல்லிவிட்டேன்.

அவனுடைய இரண்டாம் பரிசோதனை ஏன் மோசமாக வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. சாரல் தொடங்கி, கடையில் கூட்டம் நெரிந்து, அவன் ஒருநாள் விடாமல் கல்லில் வெந்த நாட்களில் வளரத் தொடங்கியவைதான் அன்றைக்கு வெளியே வந்திருக்கின்றன. அந்த முடிவு அவன் மாவு மேசையில் நின்ற நாட்களைப் பற்றியதே அல்ல. பாதி வழியில் அவனை நிறுத்தி, ஊர் வந்துவிட்டது இறங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் சொன்னால் ஆறுதலுக்காக அக்கா கதை கட்டுகிறாள் என்றுதான் நினைப்பான். ரயிலுக்குச் சீட்டுப் போட்டேன்.

கல்லுக்கு எதிரே

தென்காசியில் இறங்கி, பையோடு நேராகக் கடைக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். அடுப்பில் விறகு அப்போதுதான் பிடித்திருந்தது. இசக்கி கல்லைச் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான்.

"என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம?"

"நான் தப்பாச் சொல்லிட்டேம்ல."

"எத?"

"முப்பத்தஞ்சு நாளுன்னு சொன்னது தப்பு. மூணு மாசம்னு சொல்லிருக்கணும். முப்பத்தஞ்சு நாளு எலிக்கு."

சுரண்டிய கை நின்றது. கல்லாவில் ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்த காதர் அண்ணாச்சியும் நின்றுவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கல்லூரிப் பேச்சும் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

கேட்டு முடித்ததும் இசக்கி கரண்டியைக் கீழே வைத்தான். குரலை உயர்த்தவில்லை.

"எக்கா, நான் அவள அனுப்பிட்டேன். நீ சொன்ன கணக்க நம்பி அனுப்பிட்டேன்."

"ஆமா."

"டாக்டர்ட்ட போய்த்தான் ஆகணும்னு அன்னைக்கே நீ ஒரு அதட்டு அதட்டிருந்தா நான் போயிருப்பேன். நீ சொன்னா நான் எதத்தான் கேக்கல?"

"ஆமாய்யா. என்னைய மன்னிச்சிரு."

"எனக்கு எதுக்கு மன்னிப்பு? அங்க வந்து சொல்லு. எங்கம்மா முன்னாடி, அவ அப்பா முன்னாடி சொல்லு." அடுப்பில் ஒரு விறகை உள்ளே தள்ளினான். "மூணு மாசம் விட்டா சரியாயிருமா?"

சரியாகிவிடும் என்று சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"தெரியாது. எலில நெறையத் தேறிச்சு, சிலது தேறல. கல்லுதான் காரணமா, வேற ஏதும் இருக்கான்னு டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். இந்தத் தடவ நானும் கூட வாரேன். நான் வாயத் தெறக்க மாட்டேன்."

அவன் காதர் அண்ணாச்சி பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, இன்னைலருந்து நான் மாவுல நிக்கேன்."

"கார்த்திக வருதுல்லா" என்றார் அண்ணாச்சி. கார்த்திகை பிறந்தால் அந்தச் சாலையில் சபரிமலை வண்டிகள் வரிசை கட்டும். ஊதுபத்தியைக் குத்தி வைத்தார். "சரி, நில்லு. கல்லுக்கு நான் ஆளு பாத்துக்கிடுதேன். இதத்தான் மூலம்னு நெனைக்க விட்டு என் கையால கருணக்கெழங்கு வாங்க வச்சியால?"

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். அவர் வேறு பரிசோதனைகளும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் பொறுங்கள் என்று அவரும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதும்போது ஐப்பசி. கெடு இன்னும் முடியவில்லை. முடிவு என்னவென்று கேட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், எனக்கே தெரியாது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்பினேன். இனி, கடைக்குப் போன அன்றைய தினம் மீதி என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன்.

பண்பொழியில்

மத்தியானம் சித்தியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். அவளுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

உமாவின் அப்பா ராணுவத்தில் இருந்து வந்தவர். நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். எங்களுக்குத் தண்ணீர் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. உமா உள்ளறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இசக்கி அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னேன். கல்லைப் பற்றிச் சொன்னேன், இரண்டு பரிசோதனைகளையும் சொன்னேன், முப்பத்தைந்து என்று நான் சொன்னதையும் அது யாருடைய கணக்கு என்பதையும் சொன்னேன். தப்பு என்னுடையது, இசக்கி சொன்னதைச் செய்தவன் என்று சொன்னேன். பெரிய சொற்கள் ஒன்றும் தேவைப்படவில்லை.

முதலில் பேசியது சித்திதான்.

"அப்ப இந்தப் பிள்ளைட்ட ஒரு குறையும் இல்லியா?"

"அவளுக்கு எடுத்த டெஸ்ட் எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு சித்தி. மொதல்லருந்தே."

சித்தி எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உமாவிடம் போனாள். "ஆறு வருசமா உன்னைய மலை ஏத்துனேனே தாயி. அந்த ஊசிக்கெல்லாம் நான்தான கூட்டிட்டுப் போனேன்" என்றாள். உமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உமாதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

உமாவின் அப்பா என்னைப் பார்க்கவில்லை. மருமகனைத்தான் பார்த்தார்.

"சரி. மூணு மாசம் கழிச்சும் இதே மாதிரி வந்தா? மறுபடியும் கொண்டுவந்து விடுவீங்களா?"

இசக்கி தலையை நிமிர்த்தினான்.

"விட மாட்டேன் மாமா. புள்ள இல்லாட்டியும் விட மாட்டேன். அன்னைக்கு அவளுக்கு நல்லது செய்யுதேன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். அவகிட்ட ஒரு வார்த்த கேக்காமச் செஞ்சிட்டேன்."

"இப்பவாது கேளுங்க" என்றாள் உமா. கோபம்தான். ஆறு வருடத்தில் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

இசக்கி எழுந்து நின்றான். அத்தனை பேர் முன்னால் அவனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. "வீட்டுக்கு வாரியா?" என்று மட்டும் கேட்டான்.

உமா உள்ளே போனாள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. துணிமணி எடுத்து வைக்க உதவலாம் என்று அவளுடைய அம்மா பின்னாலேயே போனார். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார். கையில் ஒரு பை இருந்தது. இசக்கி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த முடிச்சு அப்படியே இருந்தது.

"பதினோரு நாளாச்சு, இங்க வந்து. என் சேலையத்தான் மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா" என்றார் அவர் இசக்கியிடம். "இந்தப் பையப் பிரிக்கவே இல்லய்யா இவ."